படத்தில் கதவு திறந்திருக்கிறது

"பவுடர் போட்டா மறைஞ்சிடுமா பாரு" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அம்மா இளையவளின் மோவாயைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கடைக்காரன் ஏமாற்றிவிடக் கூடாதென்று கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பாளே, அந்தப் பார்வைதான். இடது கண்ணுக்குக் கீழே நீலம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"மறையும். அழுத்திப் பூசினா தெரியாது."

"சாயங்காலம் மாப்பிள்ளை வர்றார். வந்ததும் இதுதான் கண்ணுல படணுமா? மனுஷன் சங்கடப்படுவார்."

அடித்தவர் சங்கடப்படுவாராம். சமையலறையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த டீச்சர் காதிலும் அது விழுந்தது. மூடியை ஓங்கி அழுத்தினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அந்த வீட்டில் மூத்த மகளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்ற தாயும் அப்படித்தான். பெருமைக்காகப் பாதி. மீதிப் பாதி, கூப்பிட வேறு எதுவும் இல்லாததால். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று சொல்லிக்கொள்ள அவளிடம் எதுவும் கிடையாது. வரன்கள் வந்தன, போயின, பிறகு வருவது நின்றுபோனது. வீட்டு வாடகையில் பாதி அவள் சம்பளத்திலிருந்துதான். ஆனால் வீட்டு விஷயம் எதையாவது பேச உட்கார்ந்தால், "நீ போய் டீ போடு" என்பார்கள்.

இளையவள் அப்படியில்லை. வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் மருந்துக் கடை வைத்திருக்கிறார். தெருவில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். டாக்டரிடம் போக வேண்டாம், அவர் கையால் ரெண்டு மாத்திரை வாங்கினால் காய்ச்சல் இறங்கிவிடும் என்பார்கள். இந்தத் தடவை இளையவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது, பையில் துணிக்கு அடியில் வீக்கத்துக்குப் போடுகிற களிம்பு இருந்தது. அவரே வைத்து அனுப்பியிருக்கிறார். காலையிலும் இரவிலும் தடவச் சொன்னாராம்.

"அப்பா, நான் போகலைப்பா" என்றாள் இளையவள். பல்லுக்கு நடுவில் முனகினது போல இருந்தது.

பேப்பர் மடிந்தது. "ஞாயித்துக்கிழமை உன் தம்பிக்குப் பொண்ணு குடுக்கறவங்க வீடு பாக்க வர்றாங்க. வாழாவெட்டியா ஒருத்தி உக்காந்திருந்தா என்ன நினைப்பாங்க? ஏற்கெனவே ஒருத்தி உக்காந்திருக்கா."

அந்த ஏற்கெனவே ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டு, தங்கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். இந்தப் பேச்செல்லாம் குழந்தை காதில் விழ வேண்டாம் என்றுதான் தினமும் கூட்டிப்போய்த் தன் வகுப்பில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் செல்லப்பெயர் பொட்டுக்கடலை. அவ்வளவு சின்னது, அவ்வளவு சத்தமில்லாதது.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்து இறங்கியிருந்தன. அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படம்தான், ஒரு எழுத்து கிடையாது. பெரிய டீச்சர் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சாபீஸ்காரன் எழுத்துப் போட மறந்துட்டான் போலிருக்கே" என்று சிரித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பக்கத்து வகுப்பு டீச்சர் ஒன்றை எடுத்துப்போய், படத்திலிருக்கிற சாமான்களின் பெயரையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை ஐந்து தரம் எழுத வைத்தார்.

நம்ம டீச்சருக்கு அந்தப் புத்தகங்கள் பிடித்துப்போயின. பிள்ளைகளைத் தரையில் அரைவட்டமாக உட்கார வைப்பாள். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து, கடைசி வரிசைக்கும் தெரியும்படி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்லத் திருப்புவாள். கதையை அவள் சொல்ல மாட்டாள். "என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். யாராவது ஒன்று சொன்னால், "எதைப் பாத்து அப்படிச் சொல்றே?" என்பாள். சரி என்றும் சொல்ல மாட்டாள், தப்பு என்றும் சொல்ல மாட்டாள்.

முதலில் இது சுலபமாக இல்லை. பிள்ளைகள் படத்தையே பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் புருவம் ஏறினால் பதிலை மாற்றினார்கள், உதடு கொஞ்சம் விரிந்தால் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். இருக்கிற வயசே ஆறு, ஏழு. அதற்குள் பெரியவர்கள் முகத்தைப் படிக்கப் பழகியிருந்தார்கள். "என் மூஞ்சியில ஒண்ணும் இல்ல, படத்துல பாருங்க" என்று தொண்டை வற்றும் வரை சொல்லித்தான் அந்தக் கண்களைப் புத்தகத்துப் பக்கம் திருப்பினாள்.

அன்றைக்கு எடுத்த புத்தகத்தில் ஒரு குடும்பம் புதுவீட்டுக்குக் குடிபோகிறது. வண்டியில் சாமான் ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள், ஒரு பூனைக்குட்டி கூடவே வருகிறது. நடுவில் ஒரு பக்கம். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வலது கை உயர ஓங்கியிருக்கிறது. அவருக்குக் கீழே அம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்திருக்கிறாள். ஓரத்தில் ஒரு சின்னப் பெண் டம்ளரோடு நிற்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் விஷயம் தெரிந்துவிடும். பூனைக்குட்டி அலமாரி உச்சியில் ஏறிவிட்டது, அப்பா அதை எட்டி எடுக்கிறார், மேலேயிருந்து தூசி கொட்டுகிறது. இந்தப் பக்கத்திலேயே மேல் மூலையில் வால் நுனி மட்டும் தெரியும். அதை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம் என்று டீச்சர் உற்சாகமாகத்தான் இருந்தாள்.

"என்ன நடக்குது?"

"அடிக்கிறாரு!" வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது.

"எதைப் பாத்து அப்படிச் சொல்றீங்க?"

"கையைப் பாத்து டீச்சர்!"

"ஏன் அடிக்கிறாராம்?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். பதில்கள் பொரி பொரிந்தாற்போல வந்தன.

"டீயில சக்கரை இல்ல."

"போன் அடிச்சப்போ எடுக்கல."

"எதுத்துப் பேசுச்சு டீச்சர், அதான்."

"சும்மாத்தான் டீச்சர். லீவு நாள்ல."

சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். யாருக்கும் அதில் வருத்தமில்லை. மழை பெய்கிறது, நாய் குரைக்கிறது என்பதைப்போல அதுவும் ஒன்று. வாலை ஒருவரும் பார்க்கவில்லை. டீச்சருக்குப் புத்தகம் பிடித்த கை கனத்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பித் தொலைத்துவிடலாம் என்று நினைத்தபோது ஓரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அடிக்கலை."

பொட்டுக்கடலை. இத்தனை நாளில் வகுப்பில் அது வாயைத் திறந்ததே இல்லை.

வால் நுனியைப் பார்த்துவிட்டது என்று டீச்சருக்குச் சந்தோஷம் பொங்கியது. "அப்படியா! எதைப் பாத்து சொல்றேடா கண்ணு?"

"கதவு தொறந்திருக்கு பெரியம்மா." குழந்தை எழுந்து வந்து விரலை வைத்துக் காட்டியது. "ஜன்னலும் தொறந்திருக்கு. அடிக்கிறதா இருந்தா மொதல்ல ஜன்னலைத்தான் சாத்துவாங்க. அப்புறம் கதவு. அப்புறம் டிவியைச் சத்தமா வெப்பாங்க."

குழந்தையின் விரல் படத்துச் சின்னப் பெண்ணின் பக்கம் நகர்ந்தது.

"இந்தப் பாப்பா கையில டம்ளர் வெச்சிருக்கு பாருங்க. அடிக்கிறப்போ கையில எதுவும் வெச்சிருக்கக் கூடாது. பயத்துல கீழ போட்டுட்டா சத்தம் வரும். சத்தம் வந்தா இன்னும் கோவம் வரும்."

குழந்தை அழவில்லை, குரல்கூட நடுங்கவில்லை. மற்ற பிள்ளைகள் சாமான் வண்டியில் எத்தனை சக்கரம் என்று சொல்வதைப்போலப் பார்த்ததைச் சொன்னது. பின்வரிசையிலிருந்து ஒரு வாயாடி, "எங்க வீட்ல தொறந்து வெச்சே அடிப்பாங்களே!" என்றது. மறுபடி சிரிப்பு. மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். பூனைக்குட்டி அந்தப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டீச்சர் தங்கையை மாடிப்படிக்கு அடியில் இழுத்துப்போனாள். குழந்தை சொன்னதைச் சொன்னாள். இளையவள் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவளை முன்ரூம்ல உக்கார வெச்சிட்டுத்தான்க்கா... அவளுக்கு எதுவும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நீ போக வேண்டாம். நான் பேசறேன்."

"நீ சொன்னா கேப்பாங்களாக்கா?"

"என் பேச்சைக் கேக்க மாட்டாங்க. குழந்தை சொன்னா கேட்டுத்தானே ஆகணும்? வயசானவர், பேத்தி வாயால கேட்டா மனசு இளகாதா?"

பாவம், நிஜமாகவே அப்படி நம்பினாள். கண்ணால் பார்த்ததைப் பயப்படாமல் சொல்லக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள். காலையில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன குழந்தை சாயங்காலமும் சொல்லும் என்று நினைத்தாள். வகுப்பில் யாரும் அதை முறைக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

மாப்பிள்ளை பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையும் ஒரு மாதத்துக்கு எடுத்து வந்திருந்தார். "நேரத்துக்குப் போடறீங்களா மாமா? விட்டுடாதீங்க" என்று கையைப் பிடித்து நாடி பார்த்தார். அப்பா உருகிப்போய்விட்டார். தம்பி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தான். அம்மா கொண்டுவந்து வைத்த டீயை மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்படியொரு பணிவு.

"பாத்ரூம்ல டைல்ஸ் மாத்தணும்னு சொல்லிட்டேதான் இருந்தேன் அத்தை. வழுக்கி விழுந்துட்டா. அதுக்குப் போய்க் கோவிச்சிட்டு வந்துட்டா."

"அவ எப்பவுமே அவசரக்காரி" என்றாள் அம்மா.

பவுடர் பூசிய முகத்தோடு இளையவள் உள்கதவோரம் நின்றிருந்தாள். டீச்சர் அவளைத் தாண்டிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"அவ வழுக்கி விழலை. இவர் அடிச்சிருக்கார்."

மாப்பிள்ளை டீயை நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"நீ உள்ளே போ" என்றார் அப்பா.

"குழந்தை பாத்திருக்காப்பா. ஜன்னலைச் சாத்தினது, கதவைச் சாத்தினது, டிவியைச் சத்தமா வெச்சது, எல்லாம் கிளாஸ்ல சொன்னா. வேணும்னா அவளையே கேளுங்க."

"தாராளமா கேளுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "குழந்தை பொய் சொல்லாது." சோபாவில் நகர்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினார். "வாடா தங்கம், அப்பா பக்கத்துல வந்து உக்காரு."

பொட்டுக்கடலை வந்தது. அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கூடத்துக்கு நடுவில் நின்றது.

"பயப்படாம சொல்லு கண்ணு" என்றார் தாத்தா. "அம்மா மூஞ்சியில எப்படி அடிபட்டுச்சு?"

குழந்தை உடனே சொல்லவில்லை. தாத்தாவைப் பார்த்தது. அவர் கால் பெருவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டியைப் பார்த்தது. பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அதன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முகத்தையும் விடாமல் அந்தக் கண்கள் மெல்ல நகர்வதை டீச்சர் பார்த்தாள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம், கேட்காதீர்கள் என்று கத்த நினைத்தாள். அதற்குள் குழந்தை வாயைத் திறந்துவிட்டது.

"அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க தாத்தா" என்றது குழந்தை. "தரை ஈரமா இருந்துச்சு. சோப்பும் கிடந்துச்சு."

கூடம் மூச்சு விட்டது. பாட்டி முந்தானையை எடுத்தாள். தம்பி காலண்டரை விட்டுவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.

"டீச்சரம்மா கிளாஸ்ல நெறைய கதை சொல்லித் தர்றாங்க போல" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் குடும்பம் நடத்திப் பாத்திருந்தா உனக்கு இதெல்லாம் தெரியும். தனக்குத்தான் வாழ்க்கை அமையலைன்னா, கூடப்பிறந்தவளையும் பக்கத்துல உக்கார வெச்சிக்கணுமா? நல்ல மனசுடி உனக்கு."

இளையவள் பையை எடுக்க உள்ளே போனாள். அக்காவைத் தாண்டும்போது அவள் முழங்கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள். ஆறுதல் சொல்கிறாளா, உனக்கேன் இந்த வேலை என்கிறாளா, தெரியவில்லை.

வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. டீச்சர் குனிந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டாள்.

"ஏன்டா கண்ணு அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள், யாருக்கும் கேட்காமல்.

"எல்லாரும் அதைத்தான் சொல்லச் சொன்னாங்க பெரியம்மா."

"யாரும் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையேடா."

"வாயால சொல்லலை" என்றது குழந்தை. வாரை மாட்டத் தோதாகக் காலை நீட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டது. "நான் சரியாத்தானே சொன்னேன்?"

சரி என்றும் தப்பு என்றும் சொல்லக் கூடாது என்பது வகுப்பில் அவள் வைத்திருந்த சட்டம். இங்கே அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் குழந்தை இன்று ராத்திரி அந்த வீட்டில் தூங்க வேண்டும். "சரியாத்தான் சொன்னே" என்றாள் டீச்சர். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள். இளையவளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கன்னத்தில் மஞ்சளும் போய்விட்டது, பவுடர் தேவைப்படவில்லை. பெண்ணின் அப்பாவுக்கு முழங்கால் வலி என்றதும் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எந்த மாத்திரை போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்று விளக்கினார். பெண்ணின் அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. பொட்டுக்கடலை வந்தவர்களுக்குப் பிஸ்கட் தட்டை நீட்டியது. கெட்டிக்காரக் குழந்தை என்றார்கள். பேசி முடித்தாகிவிட்டது.

மூத்த மகளை யாரும் முன்னால் வரச் சொல்லவில்லை. அவளும் வரவில்லை. கிளம்பும்போது பெண்ணின் அம்மா பின்பக்கம் கை கழுவ வந்தாள். டீச்சர் துண்டை எடுத்து நீட்டினாள். நல்ல முகம் அந்த அம்மாவுக்கு. கண்ணுக்கடியில் கருவளையம், பேசும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்கிற பழக்கம். அந்த முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. தம்பி கல்யாணம் நின்றால் நிற்கட்டும், இந்த வீட்டில் தனக்கு இடமில்லாமல் போனாலும் போகட்டும். ஒரு பெண்ணாவது தப்பிக்கட்டும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்ச மாட்டேன், சொன்னாலும் பரவாயில்ல." குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். "என் தங்கச்சி புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு வந்து நின்னா. மூஞ்சி வீங்கியிருந்துச்சு. எங்கப்பாவும் அம்மாவும் என் தம்பியுமா சேர்ந்து பவுடர் பூசி அவர்கூடவே திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த வீட்டுக்கு உங்க பொண்ணை அனுப்பறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க. அவ்வளவுதான்."

அந்த அம்மா துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள். பிறகு டீச்சரின் கன்னத்தில் கையை வைத்தாள். நிஜமான பிரியத்தோடுதான் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வெளிய விசாரிச்சப்பவே கேள்விப்பட்டோம்மா. பொண்ணு கோவிச்சுக்கிட்டு வந்தாலும் புத்தி சொல்லி அனுப்பிடுவாங்களாம், பொறுப்பான மனுஷங்கன்னு சொன்னாங்க." துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். "எங்க மூத்தவ ரெண்டு தடவை வந்தா. நாங்களும் அப்படித்தான் அனுப்பி வெச்சோம். அதான் இந்த இடத்தை விடக் கூடாதுன்னு இவர் ஒத்தைக்கால்ல நின்னார்."

வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வருகிறேன் என்று தலையசைத்துவிட்டுப் போனாள்.